நீச்சல்குள டாக்டர்

மழை விட்ட மறுநாள் ‘நீச்சல்குள டாக்டர்’ அலுவலகத்தில் போன் ஓயவில்லை. எந்த வீட்டு நீச்சல்குளம் கெட்டாலும் தன்னிடம்தான் வந்தாக வேண்டும் என்பது அதை நடத்தும் டாக்டரின் சொந்த அபிப்பிராயம்.

வரவேற்பில் இருந்த பெண் செல்போனை நீட்டினாள். “சார், ஒரு அம்மா போட்டோ அனுப்பியிருக்காங்க.”

பச்சைப் பசேலென்று தண்ணீர். நடுவில் சாவகாசமாக ஒரு தவளை.

“ஒரு வார மழைத்தண்ணி கலந்து குளோரின் நீர்த்துப்போச்சு. ஃபில்டரையும் ஓடவிடல. யார் பாத்துக்கறதுன்னு கேளு.”

கேள்வியைச் செல்போனில் தட்டிவிட்டுப் பதிலைப் படித்தாள். “வீட்டுக்காரர்தானாம் சார். நாளைக்கு, நாளைக்குன்னே சொல்றாராம்.”

“சோம்பேறி. அந்த ஆளை நம்பினா தவளைதான் குடும்பம் நடத்தும். உடனே வேற ஆளைப் பாக்கச் சொல்லு. அப்படியே விலாசமும் கேளு. அந்த மனுஷனை நேர்ல பாத்து உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு ஆறும்.”

அடுத்த பதிலைப் படித்தவள் தலையைத் தூக்கவே இல்லை.

“நம்ம போட்டிக் கம்பெனியை வரச் சொல்லிட்டாங்களாம் சார். விலாசம் உங்களுக்கே தெரியுமாம். தினமும் ராத்திரி தூங்க மட்டும் வர்றீங்களே, அந்த வீடுதானாம்.”

டாக்டர் போட்டோவை மறுபடி வாங்கிப் பார்த்தார். அவர் கடைசியாகப் பார்த்தபோது அந்தக் குளம் நீலமாக இருந்தது.