உய்பானின் மீன் மூட்டை

மீன் வியர்த்திருந்தது.

தலைகீழாக அதைப் பலகையில் ஊன்றிப் பிடித்திருந்த அக்குலினாவின் விரல்கள் வழுக்கின. எதிரே உய்பான் கத்தியால் மேலிருந்து கீழாகச் சீவிக்கொண்டிருந்தான்.

நவம்பரில் ஒரு மூட்டை மீனோடு வந்து நின்றவன் அவன். "எங்க வீட்டு நாய்ங்க விட்டுவைக்காது. உங்ககிட்ட இருக்கட்டும். சனிக்கிழமையில வந்து ஒண்ணொண்ணா தின்னுக்கறேன்."

வாசலில் வைத்த எதுவும் குளிரில் உறைந்து கல்லாகிவிடும் ஊர். அங்கே மீன் வைக்க அடுத்த வீடு தேடி வந்தவன் அவன் ஒருவன்தான்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கணவன் இறந்த பிறகு அன்றுதான் இரண்டாவது தட்டை அலமாரியிலிருந்து எடுத்தாள்.

அதன்பின் எல்லாச் சனிக்கிழமையும் உறைந்த பச்சை மீன் சீவல், உப்பு, மிளகுத்தூள், தேநீர். இருவருமே அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. மீனில் கத்தி இழையும் ஓசை போதுமானதாக இருந்தது.

இன்று கூரையிலிருந்து நீர் சொட்டியது. சீவல்கள் சுருளாமல் துவண்டு விழுந்தன.

"இன்னும் மெல்லிசா சீவுங்க."

"இதுக்கு மேல சீவினா அந்தப் பக்கம் உங்க மூஞ்சி தெரியும்."

"தெரிஞ்சா என்ன, தொண்டையில இறங்காதா?"

அவன் ஒரு துண்டை மென்றபடி ஜன்னலைப் பார்த்தான்.

"வெயில் வந்திருச்சு. உங்க கொட்டகையில இனி எதுவும் உறைஞ்சு நிக்காது. மிச்ச மீனை மூட்டையோட எடுத்துட்டுப் போயிடறேன். உங்களுக்கும் தொந்தரவு விட்டுது."

மூட்டை போனால் சனிக்கிழமையும் போய்விடும்.

"மிச்சம் ஏது? இதுதான் கடைசி" என்றாள் அவசரமாக.

சொன்ன பிறகுதான் புரிந்தது. கடைசி என்றாலும் சனிக்கிழமை போய்விடும்.

பலகையிலிருந்த மீனைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுலயே பாதி இருக்கே" என்றாள். "நம்ம நிலவறையில ஜூலையிலகூடப் பனி உருகாது. அங்க வைக்கறேன். வந்து கொஞ்சங் கொஞ்சமா..."

"பாதி மீனை எத்தனை நாளைக்குத் திங்கறது?"

"நீங்க சீவற அழகுக்கு ஒரு வருஷம் வரும்."

அவன் சிரித்தான். அவள் பாதி மீனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தாள். அவன் கூடவே வந்து நிலவறையின் கனத்த கதவைத் தூக்கிப் பிடித்தான். அவள் ஏணியில் இறங்கினாள்.

கீழே, பனி பூத்த சுவரோரம், நவம்பரில் அவன் கொண்டுவந்த மூட்டை கட்டவிழாமல் கிடந்தது. குளிர்காலம் முழுதும் வெள்ளிக்கிழமைதோறும் அவள் ஆற்றங்கரைக்குப் போய் வேறு மீன் வாங்கி வந்திருந்தாள்.

பாதி மீனை அதன் மேல் வைத்தாள்.

மேலேயிருந்து அவன் குரல் வந்தது.

"அக்குலினா, அப்படியே என் மூட்டையை நல்லா உள்ள தள்ளி வைங்க. அடுத்த குளிருக்கும் அது வேணும்."