உள்ளே விட்ட துணி

மருந்துப் பையில் இன்னும் பாதி இருக்கிறது. ஆஸ்பத்திரி ஜன்னல் வெயில் குழாயில் பட்டு, விழும் ஒவ்வொரு சொட்டையும் ஒரு நொடி மணியாக்கிக் காட்டுகிறது. எத்தனையோ பேர் துணிக்கு ஊசி போட்ட தையல்காரியின் இடது கையில் இன்று ஊசி ஏறியிருக்கிறது. வலது கை சும்மா கிடக்க மறுக்கிறது. போர்வை ஓரத்தை மடிக்கிறது, நீவுகிறது, பிரித்து மறுபடி மடிக்கிறது. கால், அங்கே இல்லாத தையல் மிஷினை மிதிக்கிறது. பக்கத்தில் கணவர் கண்ணை மூடி ஜபம் முணுமுணுக்கிறார். நடுவில் ஒரு கண் மட்டும் திறந்து சொட்டைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது. "சாமிக்கும் காது வலிக்கும், கொஞ்சம் விடுங்களேன்" என்று எரிந்து விழுகிறாள். சத்தம் நிற்கிறது, அவர் உதடு நிற்கவில்லை.

கால்மாட்டில், தையல் கடையில் கூட வேலை செய்யும் தோழி உட்கார்ந்திருக்கிறாள். இளைத்த உடம்புக்கு அளவெடுத்து அவள் தைத்துத் தந்த புதுச்சட்டைதான் இப்போது விலாவில் உறுத்துகிறது. தையல்காரி விரலை விட்டுத் தடவுகிறாள். தையலுக்கு உள்ளே வெட்டாத துணி, இரண்டு விரல் அகலத்துக்கு.

"ஏண்டி, உள்ள இவ்ளோ துணியா? குத்துது."

"வெட்டிட்டா, நீ தேறினப்புறம் எதைப் பிரிச்சு விடுறதாம்?"

தையல்காரியின் விரல் அந்தத் துணியை மேலிருந்து கீழாக அளந்துகொண்டே போகிறது, திரும்பி வருகிறது. கால் இன்னும் மிதிக்கிறது.

"கஞ்சம்! இன்னும் ஒரு விரல் சேர்த்து விட்டிருக்கலாம்ல?"