எட்மன் போகாத ஸ்கொட்லாந்து

எட்மனின் பேத்தி இன்று காலை கோயிலில் முதல்நன்மை வாங்கியிருக்கிறாள். விருந்துக்காகக் கனடாவின் மோர்னிங்சைட் வீட்டுக் கராஜ் கதவு திறந்திருக்கிறது. மாலை வெயில் கதிரைகளுக்கு அடியில் புகுந்து தின்று சிந்திய இறைச்சி றோல் துகள்களின் மேல் படுத்திருக்கிறது. கூட்டாளி கஸ்பர் கொண்டுவந்த ஸ்கொட்ச் போத்தலை மடியில் வைத்தபடி எட்மன் கதை சொல்கிறான். "ஸ்கொட்லாந்தின்ரை வடக்குத் தொங்கல். மழை மேலையிருந்து விழாது, பக்கப்பாட்டாலை அடிக்கும். செம்மறியள் றோட்டிலை படுத்தால், எழும்புமட்டும் பஸ் நிக்கும்." அவன் கை காற்றில் ஒரு மலையை வரைகிறது, அடியில் நாலைந்து வெள்ளை வீடுகள், அப்பால் சாம்பல் நிறக் கடல். எல்லாம் கஸ்பர் தன் கதையில் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. கனடா வருமுன் ஒரு குளிர்காலம் முழுக்க அந்த ஊரில் மீன் வெட்டியவன் கஸ்பர். எட்மன் லண்டனைத் தாண்டியதில்லை. "ஞாயிறு பூசைக்கு ஒரு கிடாய் வரும். காணிக்கைத் தட்டைக் கண்டவுடனை எழும்பி வெளியிலை போயிடும்." "பாவசங்கீர்த்தனமும் செய்ததோ?" என்று யாரோ கேட்க, கராஜே குலுங்குகிறது. மலையும் மழையும் போனால் போகட்டும். அந்தக் கிடாய் கஸ்பர் பெற்ற பிள்ளை; அப்படி ஓர் ஆடு அந்த ஊரில் இருந்ததே இல்லை. சாட்சிக்குக் கஸ்பர் தன் மனைவியைத் தேடுகிறான். அவன் ஸ்கொட்லாந்து என்று வாயெடுத்தாலே இத்தனை வருடமும் தேத்தண்ணி போட எழுந்து போகிற றோஸ்மேரி, றோல் தட்டு சரிவதுகூடத் தெரியாமல் வாசலில் நிற்கிறாள். "சொல்லுங்கோ எட்மன் அண்ணை," என்கிறாள், "பிறகு அந்தக் கிடாய் என்ன செய்தது?"