எதிரணிக்குப் பின்னால் ஒரு சீட்

"பந்தைக் கூடையில போடேன்யா! நின்ன இடத்துல வேர் விட்டுடுச்சா? பயந்தாங்கொள்ளி!"

கத்தியது எதிரணி ரசிகை இல்லை. ஆட்டக்காரர் எஃப்ரைனின் சொந்தப் பெண்டாட்டி மிக்டாலியா.

"ஆவே மரியா!" என்று பக்கத்து வீட்டு இரைடா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஏன்டி, கட்டின புருஷன் மானத்தை இப்படியா ஏலம் போடுவே?"

மிக்டாலியா இரைடாவின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"பயமா இருக்குக்கா. இன்னிக்குத் தோத்தா அவரை வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு டீம் முதலாளி சொல்லிட்டார். முப்பத்தாறு வயசுக்கு மேல வேற எந்த ஊர் எடுத்துக்கும்?"

"அப்ப நம்ம ஆளுங்களோட உக்காந்து தைரியம் சொல்லாம, இங்க வந்து உக்காந்து திட்டறியே!"

இரைடா கேட்டது நியாயம்தான். ஆட்டக்காரர்களின் பெண்டாட்டிமார் சொந்த அணி பெஞ்சுக்குப் பின்னால் உட்காருவதுதான் எங்கள் ஊர் வழக்கம். மிக்டாலியாவோ இரைடாவை இழுத்துக்கொண்டு வந்து, எதிரணியான கடலோர ஊர்க்காரர்களின் பெஞ்சுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரணி கோச்சின் வழுக்கையில் வேர்வை வழிவதுகூடத் தெரிந்தது.

எஃப்ரைன் மூலையில் நின்றான்; எதிரணி ஆள் ஒருத்தன் அவனை ஒட்டியே காவல் நின்றான். தூரத்திலிருந்து எறிந்தால் தப்பவே தப்பாது என்று தீவு முழுக்கப் பேர் வாங்கியவன். இன்றைக்கு ஒரு தடவைகூட எறியவில்லை. பந்து வந்தால் உடனே தள்ளிவிட்டான்.

"திமிருதான்," என்று இரைடா முணுமுணுத்தாள். "ஆட்டத்துக்கு முன்னாடி என் பொண்ணு சட்டையை நீட்டி ஒரு கையெழுத்துக் கேட்டா. முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு. அவ அழுதுட்டா, தெரியுமா?"

கடைசி நிமிஷம். ஒரு பாயின்ட் பின்தங்கியிருந்தோம். மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

எதிரணி கோச் எழுந்து நெற்றியைச் சுருக்கினார். "என்னடா இவன், போடவே மாட்டேங்கிறான்! இவனைக் காவல் காத்து என்ன பிரயோஜனம்? டேய், அவனை விட்டுட்டு உள்ள போய் அந்தக் குட்டையனை மறி!"

குட்டையன் என்றது எங்கள் ஹோமாரை. அன்றைக்கு அடித்த பாயின்ட்டெல்லாம் பெரும்பாலும் அவன் அடித்ததுதான்.

மிக்டாலியாவின் முகம் வெளுத்தது. அடுத்த நொடி சீட்டின் மேலேயே ஏறி நின்றாள்.

"எஃப்ரைன்! காலைல வாசல்ல வரிசையா போட்டியே, ஒண்ணாவது தப்புச்சா? கடைசி பந்துக்குன்னு எவ்வளவு நேரம்யா ஒளிச்சு வெச்சிருப்பே? இப்பவாவது போடு!"

அரங்கமே திரும்பியது. "அடிப்பாவி! ரகசியத்தைப் போட்டு உடைச்சிட்டாளே!" என்று எங்கள் ஊர்க்காரர் யாரோ அலறினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு காகிதக் கோப்பை பறந்து வந்து அவள் தோளில் விழுந்தது. இரைடா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.

எதிரணி கோச் துள்ளினார். "கேட்டீங்களாடா? கடைசிக்கு வெச்சிருக்கானுங்க! அவனை விடாதே, ஒட்டிக்கோ!"

காவல்காரன் எஃப்ரைனிடமே ஓடினான். கூடைக்கு அடியில் இடம் காலி. ஹோமார் அந்த வழியில் புகுந்து பந்தைப் போட்டான். மணி அடித்தது.

ஜெயித்துவிட்டோம்! மேளம் காதைப் பிளந்தது.

முதலாளி தோன் சாலோ கீழே இறங்கி வந்தார். "ஹோமார், நீதான்டா ஆம்பளை! எஃப்ரைன், உன் பேருக்கு நேரே முட்டை. சும்மா நிக்கறதுக்கா உனக்குச் சம்பளம்?"

"அவர் சும்மா நிக்கலீங்க," என்றான் ஹோமார் மூச்சிரைக்க. "அவங்களோட நல்ல ஆளை ஆட்டம் பூரா மூலையிலேயே கட்டிப் போட்டுட்டார். அவன் மட்டும் எனக்குக் குறுக்க வந்திருந்தா, நான் ஒண்ணும் கிழிச்சிருக்க முடியாது. இவரை அனுப்பறதா இருந்தா என்னையும் சேர்த்து அனுப்பிடுங்க."

தோன் சாலோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி சரி. அடுத்த வருஷமும் வந்து நில்லுய்யா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரைடாவுக்குத்தான் ஆறவில்லை. எஃப்ரைனிடம் போய்ப் பொரிந்து தள்ளினாள். "தம்பி, உங்க பெண்டாட்டியைக் கொஞ்சம் அடக்கி வையுங்க! உங்க ரகசியத்தை எல்லாம் எதிராளி காதுல கத்திட்டா!"

எஃப்ரைன் சிரித்தான். வலது மணிக்கட்டில் போட்டிருந்த துணிப் பட்டையை மெல்ல உருவினான். மணிக்கட்டு வீங்கி, நீலம் பாரித்திருந்தது.

"சனிக்கிழமை எலும்பு விரிசல் விட்டுடுச்சுக்கா. இந்தக் கையால பந்து எறியறது இருக்கட்டும், பேனா பிடிக்கக்கூட முடியலை. உங்க பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க."

இரைடா மிக்டாலியாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப... காலைல வாசல்ல போட்டது?"

அது வரை அடக்கி வைத்திருந்த அழுகை மிக்டாலியாவுக்கு இப்போதுதான் பொங்கியது.

"எங்க வாசல்ல கூடையே கிடையாதுக்கா. நம்ம ஆளுங்களோட உக்காந்து கத்தியிருந்தா அந்த வழுக்கைத் தலையன் காதுல விழுந்திருக்குமா?"