பத்து நாள் தாங்கும்

புயல் போய்ப் பதினோரு நாளாகியும் கடலூரில் கரண்ட் வரவில்லை. தகவல்களைச் சேமித்து வைக்கும் புதிய எஸ்எஸ்டிகள் பத்து நாள் மின்சாரம் காணாவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

"கல்யாண போட்டோ பூரா போயிருக்கும்னு பக்கத்து வீட்டு வாசுகி அழுவுறா," என்றாள் என் மனைவி தமயந்தி. "நம்மளது இருபது வருஷத்துப் பழசு, ஒரு வருஷம்கூடத் தாங்கும். அதைத் தூக்கிப் போடச் சொல்லிக் குதிச்சீங்களே!"

நான் சிரித்து வைத்தேன்.

எங்கள் மகள் மகிழினியின் காதுக்கருவி, ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் அவளுக்கான ஒலி அளவுகளை அந்த எஸ்எஸ்டியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஐந்து வருடம் ஆஸ்பத்திரிக்கு அலைந்து, ஒவ்வொரு சத்தமாகச் சரிசெய்த அளவுகள். வேறெங்கும் நகல் கிடையாது.

போன மாதம் தமயந்திக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் பெரிய புதிய எஸ்எஸ்டிக்கு மாற்றி, அதைப் பழைய உறைக்குள்ளேயே வைத்துவிட்டேன். பழையதைக் கொடுத்தால் இரண்டு புதியது தருவதாகக் கடைக்காரரே சொன்னார். ஏன் என்று கேட்காமல் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் என்பது பதினொன்று தாங்காதா?

மாலை நான்கு மணிக்கு மின்விசிறி சுற்றியது. தெருவே கத்தியது. தமயந்தி மகளுக்குக் கருவியை மாட்டிவிட்டாள். பச்சை விளக்கு எரிந்ததும் மகளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, வழக்கம்போலக் கூப்பிட்டாள்.

"மகி, ஒன் முறுக்க அப்பா திங்கிறாரு!"

மகிழினி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தமயந்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பழசுல்ல, மெதுவாத்தான் ஏறும்."