ஆறெழுத்து ரேகை

“இனிமே பெல்ட்டை மனுஷங்க பாக்கத் தேவையில்ல சார். மெஷினே பாத்துக்கும்” என்றான் அருண்பிரசாத், பெங்களூரிலிருந்து வந்திருந்த மென்பொருள் இன்ஜினீயர்.

கட்டுப்பாட்டு அறையின் மூலையில் நின்று கலைச்செல்வன் அதைக் கேட்டான். சுரங்கத்திலிருந்து நிலக்கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டின் ஓரமாகவே நடந்து, எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் பதினோரு வருடமாக அவன் வேலை. கவனிக்காமல் விட்டால் கிழிசல் நீண்டு, கீழே சிந்திய கரியைக் கூட்டும் பெண்களின் தலையில் அத்தனையும் கொட்டும். கான்ட்ராக்ட் வேலைதான். ஆனால் வடலூரில் அவன் வாடகை வீடும் மகள் தமிழ்நிலாவின் படிப்பும் அதை நம்பித்தான் இருந்தன.

காலையில் ஷிப்ட் மாறும்போது பெல்ட் பத்து நிமிடம் நிற்கும். அப்போது அதன் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு குறி போடுவது அவனைப் போன்ற பெல்ட் காவலாளிகளின் வழக்கம். குறி திரும்பி வந்தால் ஒரு சுற்று முடிந்தது என்று அர்த்தம். கலைச்செல்வன் எப்போதும் பெருக்கல் குறிதான் போடுவான். இன்று கடைசி நாளாயிற்றே என்ற ஆற்றாமையில் வேறு எதையோ எழுதிவிட்டு வந்தான். என்ன எழுதினான் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் எட்டுக் காவலாளிகளும் பெல்ட் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இன்று மெஷினுக்குப் பரீட்சை. அது தனியாகப் பார்க்கட்டுமாம். சீஃப் இன்ஜினீயர் கோபாலகிருஷ்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டால், எட்டுப் பேரும் நாளையிலிருந்து வீட்டில் உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்க்கலாம்.

அருண்பிரசாத் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தான். கேமரா நொடிக்கு இரண்டு படம் எடுக்கிறது. ஒவ்வொரு படத்திலிருந்தும் ‘ஹாஷ்’ என்று ஆறெழுத்துக் குறி ஒன்றை மெஷின் எடுத்துக்கொள்கிறது. மனிதனுக்குக் கைரேகை மாதிரி. அதே ரேகை மறுபடி வந்தால் ஏற்கெனவே பார்த்த படம் என்று முடிவு செய்து, பழைய பதிலையே சொல்லிவிடும். நேரம் மிச்சம். நாலு மாதமாக ஒரு தப்பு கிடையாது.

ரப்பர் பெல்ட்டுக்கும் ரேகை பார்க்கிற காலம் வந்துவிட்டதே என்று கலைச்செல்வன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். வேலைக்கு உலை வைக்கிற மெஷின் என்றாலும் அதன் சாமர்த்தியம் அவனைக் கட்டிப்போட்டது.

“சார், ஒரு சந்தேகங்க.”

கேட்டவள் மலர்கொடி. அந்த அறையில் டேட்டா என்ட்ரி செய்யும் கான்ட்ராக்ட் பெண். அப்பா பெரியண்ணன் முந்திரிக்காட்டில் கூலி வேலை செய்ய, பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்து கம்ப்யூட்டர் படித்து முடித்தவள்.

“ஆறெழுத்துன்னா மொத்தமா எத்தினி ரேகைங்க வரும்?”

“ஒவ்வொரு எழுத்தும் பதினாறு விதமா வரலாம். மொத்தம் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம்” என்றான் அவன் பெருமையாக.

“நாலு மாசத்துல எத்தினி படம் எடுத்திருக்குதுங்க?”

அருண்பிரசாத் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். கோபாலகிருஷ்ணன் மேஜைமேல் இருந்த கால்குலேட்டரை இழுத்துத் தட்டினார். இரண்டு கோடியைத் தாண்டியது.

“ரேகையவிட படம் ஜாஸ்தியா இருக்குதுங்களே சார். அப்ப ஒரே ரேகைய ரெண்டு மூணு படம் வச்சிக்கினுதான இருக்கும்? மெஷின் இப்ப பாதி நேரம் பெல்ட்டைப் பாக்கலீங்க. பழைய பதிலையே ஒப்பிச்சிக்கினு இருக்குது.”

கலைச்செல்வனுக்கு மெய் சிலிர்த்தது. பெங்களூர்க் கம்பெனியின் மூளையெல்லாம் சேர்ந்து கட்டியதை இந்தப் பெண் இரண்டே கேள்வியில் ஆட்டிப் பார்த்துவிட்டாளே என்று அவளையே பார்த்தபடி நின்றான்.

அருண்பிரசாத் நல்ல பிள்ளை. மல்லுக்கு நிற்கவில்லை. ஒரே ரேகையோடு இருக்கும் வேறு வேறு படங்களைக் காட்டும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தான். பட்டியல் வந்தது, வந்துகொண்டே இருந்தது. முதல் ஜோடியைத் திறந்தான்.

இடது பக்கம் நல்ல பெல்ட். வலது பக்கம் கிழிந்த பெல்ட். இரண்டுக்கும் கீழே அதே ஆறெழுத்து. இரண்டுக்கும் பச்சை நிறத்தில் ‘நலம்’ என்று பதில்.

கோபாலகிருஷ்ணன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். கையெழுத்து இன்று இல்லை என்று அதைப் பார்த்ததுமே கலைச்செல்வனுக்குப் புரிந்துவிட்டது. மலர்கொடியைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

“ஒரு வருஷமா இதுலயே கிடக்கிறேன். எனக்குத் தோணலையே” என்றான் அருண்பிரசாத், மனம்விட்டு.

நாலு மாதமாக நன்றாக ஓடும் பெல்ட்டில் கிழிந்த படம் எப்படி வந்தது என்று கோபாலகிருஷ்ணன் கேட்டார். மெஷினுக்குக் கற்றுக்கொடுக்கப் போட்ட மாதிரிப் படம் ஏதாவது கலந்திருக்கும் என்றான் அவன். அவரும் தலையாட்டிவிட்டு எல்லோருக்கும் டீ சொன்னார். மலர்கொடிக்கு ஸ்பெஷல் டீ.

அந்த அதிசயத்தைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் கலைச்செல்வன் திரையருகே போனான். கிழிசல் ஒரு முழம் இருக்கும். அதை ஒட்டி, ஓரத்தில், வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குனிந்து உற்றுப் பார்த்தான்.

அடுத்த நொடி, யாரையும் கேட்காமல், மேஜைமேல் இருந்த சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினான். வெளியே பெல்ட்டின் இரைச்சல் தேய்ந்து நின்றது.

“என்னய்யா பண்ணின?” என்று கோபாலகிருஷ்ணன் எழுந்தார்.

கலைச்செல்வன் விரலைத் திரைமேல் வைத்தான்.

“இது மாதிரிப் படம் இல்லீங்க. ‘தமிழ்நிலா’ன்னு எழுதியிருக்குது பாருங்க. எம் பொண்ணு பேரு... இன்னிக்குக் காலைல நான் எழுதினதுங்க.”