வெள்ளை ஹெல்மெட்

"மஞ்சள் ஹெல்மெட்டா, வெள்ளை ஹெல்மெட்டா? அத முதல்ல சொல்லும்மா!"

போனில் மேனேஜர் அன்புசெல்வன் கத்தினார். ஈஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலையிலிருந்து தெறித்த இரும்புக் குழம்பில் ஒரு மனிதன் முகமும் மார்பும் வெந்து கிடக்கிறான். இந்த ஆளுக்குக் கலர் வேண்டியிருக்கிறது!

கும்மிடிப்பூண்டியில் அந்த இரும்பு ஆலையின் சட்டம் அப்படி. யாரும் ஆளைப் பார்ப்பதில்லை, தலையைத்தான் பார்ப்பார்கள். வெள்ளை என்றால் அதிகாரி. அடிபட்டால் சென்னைக்கு ஹெலிகாப்டர். ஈஸ்வரி மாதிரி கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள். அடிபட்டால் கம்பெனி வேன்.

"பக்கத்துல கெடக்கறது வெள்ளைதான் சார்" என்றாள்.

"ஐயய்யோ! இன்ஜினியர் மதிவாணனா?"

"மூஞ்சி பூரா வெந்து கெடக்குது சார். ஈரத்துணி போட்டு மூடிக்கீறோம். சீக்கிரம் எதுனா பண்ணுங்க!"

"இதோ, இப்பவே ஹெலிகாப்டருக்குச் சொல்றேன்!"

இப்பவே! போன வருஷம் இதே உலையருகே ஈஸ்வரியின் புருஷன் குணா வெந்தபோது, "மஞ்சளா? வேன் போதும்" என்றதும் இதே வாய்தான். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட வேன் செங்குன்றத்தைத் தாண்டுவதற்குள் குணா போய்விட்டான்.

ஆலைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஹெலிகாப்டர் இறங்கியது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிவந்த தொழிலாளர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. காரிலிருந்து குதித்து ஓடிவந்த அன்புசெல்வனுக்குத் துணியை விலக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஈஸ்வரியின் இடுப்பில் இருந்த வெள்ளை ஹெல்மெட்டைத்தான் பார்த்தார்.

"அத பத்திரமா வையிம்மா. அவர் வீட்ல குடுக்கணும். பாவம், ரெண்டும் சின்னக் குழந்தைங்க."

"குணாவுக்கும் ரெண்டு புள்ளைங்கதான் சார். அன்னிக்கு இந்த ஹெலிகாப்டரு இன்னா ரிப்பேரா?"

"ரூல்ஸ் தெரியாம பேசாதே. எல்லாருக்கும் பறக்கவிட முடியுமா?"

"தோலு வெந்தா எல்லாருக்கும் ஒரே எரிச்சல்தான் சார். அதுக்கு இன்னா கலரு?"

அதற்குள் ஹெலிகாப்டரில் வந்த டாக்டர் நாடி பார்த்து முடித்திருந்தார். "நல்லவேளை, உடனே கூப்பிட்டீங்க. ரோட்டு வழியா போயிருந்தா தாங்கியிருக்க மாட்டாரு. பொழைச்சுக்குவாரு."

"நான்தான் டாக்டர் முடிவெடுத்தேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கல" என்று அன்புசெல்வன் நெஞ்சை நிமிர்த்தினார்.

ஹெலிகாப்டர் எழும்பித் தெற்கே போய் மறையும்வரை ஈஸ்வரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்போது மைதானத்துக்குள் ஒரு பைக் வந்து நின்றது. வெளியே சாப்பிடப் போயிருந்த இன்ஜினியர் மதிவாணன் வெறுந்தலையோடு இறங்கினார்.

"கேட்ல சொன்னாங்க சார். நம்ம கான்ட்ராக்ட் ஆளு பார்த்திபனுக்கா ஹெலிகாப்டர் அனுப்பினீங்க? பெரிய மனசு சார் உங்களுக்கு! ஆமா, மேஜை மேல வெச்சிருந்த என் ஹெல்மெட்ட யாராவது பாத்தீங்களா?"

அன்புசெல்வன் திறந்த வாய் மூடாமல் திரும்ப, ஈஸ்வரி இடுப்பிலிருந்ததை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க சார். வேல முடிஞ்சிபோச்சி."